அளந்த பிறகே சால்டர்: ரேடியோ பழுதுபார்க்கும் தொழில் பற்றிய வாசகர் கேள்விகள்

வானொலிப் பெட்டி, வாக்கி டாக்கி, கம்பியில்லா மைக் முதலியவற்றைப் பழுதுபார்க்கும் தொழில் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். பெங்களூருவின் பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, இந்நகரில் நெடுங்காலமாக இத்தொழில் செய்துவரும் எங்கள் பகுதியாளர் இங்கே பதிலளிக்கிறார்.

ஐயா, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவில் இரண்டாண்டுப் படிப்பை முடித்திருக்கிறேன். ரேடியோ பழுதுபார்க்கும் வேலைக்குப் போக ஆசை. "கைக்குக் கை செல்போன் இருக்கும் காலத்தில் ரேடியோவை யாரடா தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள்?" என்று அப்பா கேட்கிறார். இதில் பிழைப்பு உண்டா? (ஸ்ரீராமபுரம் வாசகர்)

உங்கள் தந்தையார் சொல்வதில் பாதி உண்மை. வீட்டு ரேடியோவை மட்டும் நம்பிக் கடை திறந்தால் வாடகைகூடத் தேறாது. சிறிய எஃப்.எம். செட் ஒன்றின் விலையும் அதைப் பிரித்துப் பார்க்கும் கூலியும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பிறகு, கெட்டுப்போனதை வீசிவிட்டுப் புதிதாக வாங்குவதே வழக்கமாகிவிட்டது.

மற்றப் பாதியை நீங்கள் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பீனியாவின் தொழிற்கூடங்களிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயில்களிலும், நட்சத்திர ஓட்டல்களிலும், கட்டுமானத் தளத்தில் மேலே கிரேன் ஓட்டுபவருக்கும் கீழே நின்று வழிகாட்டுபவருக்கும் இடையிலும் இன்றும் வாக்கி டாக்கியில்தான் பேச்சு நடக்கிறது. கோயில், தேவாலயம், கல்யாண மண்டபம் எங்கும் கம்பியில்லா மைக் இருக்கிறது. இவை நாள்தோறும் கீழே விழுகின்றன, மழையில் நனைகின்றன, மாதக்கணக்கில் சார்ஜரிலேயே கிடக்கின்றன. ஆகவே பழுதுக்குக் குறைவே இல்லை. இவற்றைக் கையாளத் தெரிந்தவர்களுக்குத்தான் குறை.

ஆகையால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வீட்டு செட்டு பார்க்கும் கடையைவிட, வாக்கி டாக்கி விற்றுப் பராமரிக்கும் சர்வீஸ் சென்டர் ஒன்றில் சேர்வதே நல்லது. அங்கேதான் சர்வீஸ் மானிட்டர் என்ற விலையுயர்ந்த அளவுக் கருவி இருக்கும். செட்டு எத்தனை வாட் வெளிவிடுகிறது, அதன் அலைவரிசை எவ்வளவு விலகியிருக்கிறது, பேசும்போது அலைவரிசை இரு பக்கமும் எவ்வளவு அசைகிறது, எத்தனை மைக்ரோவோல்ட் வரை மெலிந்த சிக்னலை அதனால் பிடிக்க முடிகிறது என்பவற்றையெல்லாம் அந்த ஒரே கருவியில் பார்த்துவிடலாம். 150 மெகா ஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு செட்டுக்கு விலகல் பத்து லட்சத்தில் 2.5 பங்கு வரை போகலாம் என்று கையேடு சொன்னால், அது 375 ஹெர்ட்ஸ் என்று மனக்கணக்காகச் சொல்லவும், அளவி 900 ஹெர்ட்ஸ் காட்டும்போது செட்டு கெட்டிருக்கிறது என்று தயங்காமல் கூறவும் பழகிவிட்டால், உங்களை எந்த முதலாளியும் எளிதில் விடமாட்டார்.

இன்னொரு வழி தொழிற்பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் ஐ.டி.ஐ. முடித்தவர்களைப் பெரிய நிறுவனங்கள் உதவித்தொகையுடன் சேர்த்துக்கொள்கின்றன. நம் ஊர் ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அத்தகையது. 1954இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 1961இல் ரேடியோ வால்வுகளையும் (டிரான்சிஸ்டருக்கு முன் அதே வேலையைச் செய்த கண்ணாடிக் குழாய்கள்), 1962இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் செய்யத் தொடங்கி, 1964இல் அகில இந்திய வானொலிக்கு ஒலிபரப்புக் கருவிகளையே செய்து கொடுத்தது. பழைய செட்டுகளைப் பிரிக்கும்போது உள்ளே 'பெல்' (பி.இ.எல்.) முத்திரையுடன் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அங்கிருந்து வந்தவைதான். நிரந்தர வேலை கிடைக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். அளவிடும் ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்ளப் போகலாம்.

செல்போன் சார்ஜர், அடாப்டர் முதலியவற்றைப் பழுதுபார்க்கிறேன். ரேடியோ என்றால் எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை. தெரிந்தவர் ஒருவர், "முதலில் ஐ.சி.யை மாற்றிப் பார்" என்கிறார். அது சரியான முறையா? (தாசரஹள்ளி வாசகர்)

இல்லை. மாற்றிப் பார்ப்பது பழுதுபார்ப்பது ஆகாது. நல்ல ஐ.சி.யைப் பிடுங்கும்போது பி.சி.பி.யின் செப்புத்தடம் உரிந்துவிட்டால், இருந்த ஒரு பழுதோடு நீங்கள் உண்டாக்கிய பழுது ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

முழுதும் ஊமையாகிவிட்ட பேட்டரி டிரான்சிஸ்டர் செட் ஒன்று மேசைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் அளவு மின்னோட்டம். பேட்டரியின் ஒரு முனையில் மல்ட்டி மீட்டரைத் தொடரில் இணைத்துச் சுவிட்சைப் போடுங்கள். சிறிய செட்டு சத்தமில்லாத நிலையில் பொதுவாகப் பத்து இருபது மில்லி ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். ஒன்றுமே எடுக்கவில்லை என்றால் பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா, சுவிட்ச் பிடிக்கிறதா, கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். வரும் செட்டுகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் இழுத்தால் எங்கோ ஷார்ட். உடனே அணைத்துவிட்டு, ஒலிபெருக்கும் பகுதியைச் சந்தேகியுங்கள்.

மின்னோட்டம் சரியாக இருந்தும் பாட்டு இல்லையென்றால் செட்டை நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும். அந்த நடு இடம் வால்யூம் கண்ட்ரோல். அதை முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டு, அதன் நடுக்காலைச் சிறு ஸ்குரூ டிரைவரின் நுனியால் தொடுங்கள். ஸ்பீக்கரில் 'கொர்' என்று இரைச்சல் வந்தால் அங்கிருந்து ஸ்பீக்கர் வரை உயிரோடு இருக்கிறது. பழுது அதற்கு முன்னால், அலையைப் பிடித்து மாற்றும் பகுதியில் இருக்கிறது. இரைச்சல் இல்லையென்றால் பழுது பின்னால். ஒரே தொடுதலில் பாதி செட்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டீர்கள். எஞ்சிய பாதியையும் இதேபோல் பாதியாக்கிக்கொண்டே போனால், முப்பது பாகங்கள் உள்ள செட்டிலும் நாலைந்து அளவுகளுக்குள் குற்றவாளி அகப்பட்டுவிடும். மின்னிணைப்பில் நேரடியாக இயங்கும் செட்டுகளில் மட்டும் இப்படித் தொட்டுப் பார்க்கக் கூடாது. காரணத்தைக் கீழே மற்றொரு கேள்விக்கான பதிலில் காண்க.

முன்பாதியில் பழுது என்று தெரிந்துவிட்டால், காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. இன்று நாம் காணும் பெரும்பாலான மத்திய அலை செட்டுகள், 1918இல் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் வகுத்த சூப்பர் ஹெட்டிரோடைன் முறையில் இயங்குபவை. செட்டுக்குள்ளேயே ஓர் ஆசிலேட்டர் இருந்து, நாம் திருப்பிய நிலையத்தைவிட 455 கிலோ ஹெர்ட்ஸ் கூடுதலான ஓர் அலையை உண்டாக்கிக்கொண்டிருக்கும். பெங்களூரு நிலையமான 612இல் முள்ளை வைத்தால் உள்ளே 1067 ஓட வேண்டும். நல்ல நிலையில் உள்ள இன்னொரு செட்டைப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்து, அதன் முள்ளை 1067ஐ ஒட்டி நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். இப்போது பழுதான செட்டின் முள்ளை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால், நல்ல செட்டின் இரைச்சல் ஓரிடத்தில் சட்டென்று அடங்கும், அல்லது விசில் கேட்கும். கேட்டால் ஆசிலேட்டர் ஓடுகிறது. அடுத்து, இரண்டு அலைகளும் கலந்து கிடைக்கும் 455ஐப் பெருக்கும் ஐ.எஃப். (இடை அலைவரிசை) பகுதிக்குப் போகலாம். கேட்காவிட்டால் ஆசிலேட்டர் காயில், முள்ளோடு திரும்பும் கேங்க் காண்டென்சர், அலைப் பட்டையை மாற்றும் பேண்ட் சுவிட்ச் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பேண்ட் சுவிட்சில் சேர்ந்த அழுக்குதான் பலமுறை காரணமாக இருக்கும்.

டிரான்சிஸ்டர்களை அளக்கும்போது கழற்ற வேண்டியதில்லை. செட்டு ஓடும்போதே அதன் பேஸ், எமிட்டர் என்ற இரு கால்களுக்கும் இடையில் சிலிக்கான் என்றால் 0.6 முதல் 0.7 வோல்ட், பழைய ஜெர்மானியம் என்றால் 0.2 முதல் 0.3 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே 2 வோல்ட் காட்டினால் அந்தச் சந்தி அறுந்திருக்கிறது. பூஜ்யம் காட்டினால் அதற்கு வர வேண்டிய மின்சாரம் வரவில்லை, அல்லது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரின் தலையில் தெரியும் வண்ணத் திருகை மட்டும் ஆசைக்காகத் திருப்பாதீர்கள். யாரும் தொடாமல் இருந்தால் அது பெரும்பாலும் தன் இடத்தைவிட்டு நகராது. இரும்பு ஸ்குரூ டிரைவரால் திருப்பினால் உள்ளிருக்கும் ஃபெரைட் உடைந்துவிடும். பிறகு அதற்கு மருந்து இல்லை.

நாங்கள் ஒயிட்ஃபீல்டில் ஒன்பதாவது மாடியில் வசிக்கிறோம். எண்பது வயதான என் மாமனார் சென்னை வானொலியைக் கேட்டுப் பழகியவர். இங்கே அவருடைய செட்டில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வருவதில்லை. இரண்டு கடைகளில் காட்டினோம். ஒருவர் செட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மற்றவர் போர்டையே மாற்ற வேண்டும் என்றார். யாரை நம்புவது? (ஒயிட்ஃபீல்டு வாசகி)

முதலாமவரை நம்பலாம் என்றே தோன்றுகிறது. ஆனால் அவர் பாதியில் விட்டுவிட்டார். செட்டு நன்றாக இருந்தும் ஏன் கேட்கவில்லை என்று சொல்வதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

முதலில் செட்டைப் பேட்டரியில் ஓடவிட்டு மொட்டைமாடிக்கோ கீழே பூங்காவுக்கோ கொண்டு செல்லுங்கள். அங்கே பெங்களூரு நிலையம் 612இல் தெளிவாக வந்தால் செட்டில் குறையில்லை. குறை உங்கள் வீட்டுக் காற்றில். எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர், லிஃப்ட் மோட்டாரை ஓட்டும் கருவி ஆகியவை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் வேலை செய்கின்றன. அந்த வெட்டின் எதிரொலிகள் மத்திய அலையின் நெடுகிலும் பரவி, தொலைவிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை விழுங்கிவிடுகின்றன. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வலையும் அதற்குத் துணை. வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துவிட்டுப் பேட்டரியில் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால், சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு எந்தப் பொருளில் அது மறுபடி கிளம்புகிறது என்று கண்டுபிடிக்கலாம். எங்கள் வாடிக்கையாளர் வீடு ஒன்றில் அது பூஜை அறையில் எரிந்த சிறிய எல்.இ.டி. விளக்காக இருந்தது.

சென்னை நிலையத்தின் 720 கிலோ ஹெர்ட்ஸ் பகலில் இங்கே எடுபடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பகலில் வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி அடுக்குகளில் கீழடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்த பிறகே அது கலைந்து, அலை மேலே சென்று திரும்பித் தொலைவில் விழுகிறது. ஆகவே இரவு எட்டு மணிக்கு மேல் முயலுங்கள். செட்டின் உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் ராடு பெரும்பாலும் பெட்டியின் நீளவாட்டில் படுத்திருக்கும். அந்த ராடின் பக்கவாட்டில் வரும் அலையைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். நுனியை நோக்கி வரும் அலையை ஏற்காது. சென்னை நமக்கு நேர் கிழக்கு. எனவே பெட்டியின் முகம் கிழக்கையோ மேற்கையோ பார்க்கும்படி, கிழக்கு ஜன்னலின் ஓரத்தில் வைக்க வேண்டும். பிறகு சிறிது சிறிதாகத் திருப்பினால், இரைச்சல் குறைந்து குரல் மேலே வரும் ஒரு கோணம் கிடைக்கும். அந்த இடத்தில் மேசைமேல் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள். மாமனார் அதன்படி வைத்துக்கொள்வார்.

என் செட்டில் எஃப்.எம்.மும் மத்திய அலையும் வருகின்றன. சிற்றலையில் மட்டும் எதுவும் இல்லை. பேண்ட் சுவிட்ச் கெட்டிருக்குமா? (கம்மனஹள்ளி வாசகர்)

கெட்டிருக்கலாம். ஆனால் கேட்பதற்கு அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். நாம் காத்திருந்து கேட்ட பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பே 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. வேறு பல நாடுகளும் தம் சிற்றலை நிலையங்களை மூடிவிட்டன. மாலை வேளையில் 10 மெகா ஹெர்ட்ஸில் முள்ளை வைத்து, சீனாவின் பி.பி.எம். நேரக்குறிப்பு நிலையத்தின் நொடித் துடிப்பு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் சுவிட்சைத் தொட வேண்டியதில்லை.

தாத்தாவின் வால்வு ரேடியோ ஒன்று ஊரிலிருந்து வந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் போட்டதில்லை. பிளக்கில் செருகிப் பார்க்கலாமா? (ஃபிரேசர் டவுன் வாசகர்)

தயவுசெய்து செருகாதீர்கள். இக்கடிதம் அச்சாவதற்குள் செருகியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வால்வு செட்டின் உள்ளே 250 வோல்ட் அளவில் நேர்மின்சாரம் ஓடும். அணைத்த பிறகும் ஃபில்டர் காண்டென்சரில் அது தங்கியிருக்கும். திறந்தவுடன் கை வைக்காமல், பத்து கிலோ ஓம், ஐந்து வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கம்பிகளைக் காப்பிட்ட பிடியால் பிடித்து அந்தக் காண்டென்சரின் இரு முனைகளிலும் சில நொடிகள் வைத்து வடித்துவிட்டு, மீட்டரால் பூஜ்யம் என்று உறுதி செய்த பின்னரே தொட வேண்டும். சில செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, யு.சி.எச்.81, யு.எல்.84, யு.ஒய்.85 போல 'யு' என்று தொடங்கும் வால்வுகள் இருந்தால் அது அந்த வகை. அவற்றில் இரும்புச் சட்டமே மின்கம்பியோடு நேரடியாக இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். செட்டை வீட்டு மின்கம்பியிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அந்த வகையை மேசைமேல் வைக்கவே கூடாது.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டு என்றால் பின்பக்கம் வோல்டேஜ் தேர்வுத் தகடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 110இல் நின்றால் நம் மின்சாரத்தில் அது நொடியில் புகைந்துவிடும். பிறகு 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. தொடர்ந்து முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்த வேண்டும்.

அடுத்ததைப் பலர் கவனிப்பதில்லை. கடைசி வால்வு இ.எல்.84 என்றால், ஒலி நுழையும் அதன் கிரிட் முனைக்கு முந்தைய வால்விலிருந்து ஒலியைக் கொண்டுவரும் ஒரு காகிதக் காண்டென்சர் இருக்கும். மெழுகு பூசிய அந்தக் காண்டென்சர் வயதானால் கசியத் தொடங்கும். கிரிட்டில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட், 3 வோல்ட் என்று ஏறும். செட்டு பாடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வால்வின் கேதோடு முனையில் 7 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டிய அளவு 10ஐத் தாண்டும், வால்வின் உள்தகடு செக்கச் சிவக்கும், அரை மணி நேரத்தில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். சில ரூபாய் பெறும் அந்தக் காண்டென்சரை முதலிலேயே மாற்றிவிடுவது, மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டும் என்ற என் விதிக்கு நான் அளிக்கும் ஒரே விலக்கு. ஃபில்டர் காண்டென்சரை அப்படி மாற்ற வேண்டியதில்லை: ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கிறதா, காண்டென்சரின் உள்தடையை அளக்கும் இ.எஸ்.ஆர். மீட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

பெட்டியின் மரத்தை மெருகேற்றுவதையும் துணி மாற்றுவதையும் எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பளபளப்பும் உள்ளே கசியும் காண்டென்சருமாக விற்பனைக்கு வரும் செட்டுகளை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன்.

எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பவர் டிரான்சிஸ்டர் போட்ட உடனே எரிந்துவிட்டது. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? (அல்சூர் வாசகர்)

நாடெங்கும் உள்ள எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளைப் போலவே அங்கும் புதியது, பழைய போர்டிலிருந்து பிடுங்கியது, மேலே எழுத்தைச் சுரண்டி வேறு எண் அச்சிட்டது என மூன்றும் கிடைக்கும். காலில் பழைய ஈயத்தின் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தின்மீது அசிட்டோன் தொட்ட பஞ்சைத் தேயுங்கள். புதிதாகப் பூசிய மை கரைந்து வரும். உயரலையில் வேலை செய்யும் பவர் டிரான்சிஸ்டர்களில், முக்கியமாக உற்பத்தி நின்றுபோன ஜப்பானிய எண்களில், இந்த மோசடி அதிகம். கடைக்காரர் ஒருவரோடு நம்பிக்கையான பழக்கம் வைத்துக்கொள்வதும், வழக்கமான விலையில் மூன்றில் ஒரு பங்குக்கே கொடுக்க முன்வந்தால் வாங்காமல் திரும்புவதும்தான் நடைமுறையில் உதவுபவை. ஆனால் போட்ட உடனே எரிந்ததற்குப் போலி மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழையது எதனால் எரிந்ததோ அந்தக் காரணம் இன்னும் போர்டில் இருக்கலாம்.

எங்கள் தொழிற்கூடத்தில் வாக்கி டாக்கிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. "தூரம் போகவில்லை" என்று சில செட்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆன்டெனாவை மாற்றினேன், பயனில்லை. (பீனியா வாசகர்)

எந்த ஆன்டெனாவை மாற்றினீர்கள்? 136 முதல் 174 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள வி.எச்.எஃப். செட்டுக்கும் 400 முதல் 470 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள யு.எச்.எஃப். செட்டுக்கும் வரும் ரப்பர் ஆன்டெனாக்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; திருகும் சில நேரங்களில் பொருந்திவிடும். தவறானதைப் பொருத்தினால் செட்டு அனுப்பும் ஆற்றலில் பெரும்பகுதி திரும்பி வந்து அதன் பவர் டிரான்சிஸ்டரையே சுடும். ஆன்டெனா இல்லாமலே பேசிப் பார்ப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

செட்டின் ஆன்டெனா இடத்தில், அனுப்பும் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடும் வாட் மீட்டரும் இணைத்து, பேசும்போது அழுத்தும் பி.டி.டி. பொத்தானை அழுத்தி அளந்து பாருங்கள். அழுத்தும்போதே பேட்டரி முனையில் வோல்ட்டையும் பாருங்கள். சும்மா இருக்கும்போது 7.4 காட்டும் பேட்டரி, அழுத்தியவுடன் 6க்குக் கீழே சரிந்தால், தூரம் போகாததற்கு அதுதான் காரணம். செட்டில் தேட வேண்டியதில்லை. எப்போதும் சார்ஜரில் கிடக்கும் செட்டுகளில் இது சகஜம். பேட்டரியும் வாட்டும் சரியாக இருந்து, மறுமுனையில்தான் கேட்கவில்லை என்றால் இரு செட்டுகளின் டோன் எண்கள் (குரலோடு சேர்ந்து செல்லும் அடையாள ஒலியின் எண்கள்) ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருவர் செட்டில் மட்டும் டோன் மாறியிருந்தால் சிக்னல் வந்தும் ஸ்பீக்கர் திறக்காது. அது பழுதே அல்ல. புரோகிராம் செய்யும் கேபிளால் இரண்டு நிமிடத்தில் சரியாகும்.

எங்கள் குடியிருப்புச் சங்கம் இணையத்தில் ஆறு வாக்கி டாக்கிகள் வாங்கியது. இரண்டு வேலை செய்யவில்லை. பழுதுபார்க்கக் கொடுத்தால், லைசென்ஸ் காகிதம் கேட்கிறார். கடைக்காரருக்கு எதற்கு அது? (மாரத்தஹள்ளி வாசகர்)

அவர் கேட்டது சரி. நல்ல மனிதரிடம்தான் போயிருக்கிறீர்கள்.

உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்பது 1933ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலிருந்து வரும் நிலை. அச்சட்டத்தின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. பொதுமக்கள் உரிமம் இல்லாமல் பயன்படுத்தவென்று 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரை ஒரு சிறு பட்டையைக் குறைந்த திறன் கொண்ட செட்டுகளுக்கு 2018ஆம் ஆண்டின் விதிகள் விட்டுவைத்துள்ளன. அப்போதும் அந்தக் கருவியின் வகைக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்கிய ஒப்புதல் இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, எந்த அலைவரிசைக்கும் மாற்றிக்கொள்ளக் கூடியவை. காவல் துறையோ தீயணைப்புத் துறையோ பேசும் இடத்தில் உங்கள் காவலாளி தெரியாமலே போய்ப் பேசிவிட முடியும். இத்தகைய விற்பனை பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் மின்வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, தனி வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது.

செட்டின் பெட்டியில் ஒப்புதல் எண் இருக்கிறதா, எந்த அலைவரிசைக்கு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழுதுபார்க்கும் செலவை விட்டுவிட்டு, 446 பட்டைக்கு ஒப்புதல் பெற்ற செட்டுகளாக மாற்றிக்கொள்வது சங்கத்துக்கு மலிவு.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு இத்துறையில் மிகுந்த ஆர்வம். விமான நிலையத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் வேலைக்குப் போக முடியுமா? (விவேக் நகர் வாசகி)

முடியும். ஆனால் அது வேறு பாதை. விமானத்தில் உள்ள ரேடியோவைப் பழுதுபார்த்து, அது பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திட, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வழங்கும் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வேண்டும். ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) பணிக்கு உரியது பி2 என்ற பிரிவு. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். பயிற்சிக்குச் செலவு அதிகம், தேர்வுகள் கடினம். சேர்வதற்கு முன் அந்தப் பயிற்சி நிலையத்துக்கு இயக்குநரகத்தின் ஒப்புதல் நடப்பில் இருக்கிறதா என்பதை அவசியம் சரிபாருங்கள்.

இதற்கிடையில், பொழுதுபோக்காகக் காற்றில் பேச உரிமம் பெறுவதற்கான அமெச்சூர் ரேடியோ தேர்வை அவர் எழுதலாம். பன்னிரண்டு வயது நிறைந்தவர் எவரும் எழுதலாம். மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் குறியீடு) இல்லாத நிலையும் உண்டு. சொந்தமாக ஒரு செட்டைக் கட்டி, சட்டப்படி காற்றில் பேசிப் பார்ப்பதைவிட இத்தொழிலுக்கு நல்ல பாலபாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பழுதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகிறது. கடைசியில் மாற்றுவது ஐந்து ரூபாய்ப் பொருளாக இருக்கிறது. "ஐந்து ரூபாய்க் காண்டென்சருக்கு ஐந்நூறா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது? (சிவாஜி நகர் வாசகர்)

செட்டைத் திறப்பதற்கு முன்பே பார்ப்புக் கூலி இவ்வளவு என்று சொல்லி, ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பழுதைச் சரிசெய்ய வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அந்தத் தொகை உங்களுக்கு உரியது. கண்டுபிடித்த பிறகு, வேலையைத் தொடங்காமல் மொத்தச் செலவைச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது, கழற்றிய பாகத்தை ஒரு சிறு உறையில் போட்டு, அதன்மேல் என்ன அளந்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்: 'சி 14, இருக்க வேண்டியது 100 மைக்ரோ ஃபாரட், இருந்தது 6' என்பதுபோல. அதற்குப் பிறகும் சண்டை போடுபவர் எந்தக் கடைக்குப் போனாலும் போடுவார். அவருடைய செட்டை அடுத்த முறை வாங்கிக்கொள்ள வேண்டாம்.